கேரவன் டிரெய்லர் ஓரத்து பிளாஸ்டிக் வெடிச்சிருந்தா மொதல்ல ஸ்க்ரூவ பாருங்க, அப்புறம் பசைய தேடுங்க

நம்ம பக்கம் டிரெய்லர்னாலே நெல்லு மூட்டையும் கரும்பும் ஏத்துற டிராக்டர் டிரெய்லர்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது அது இல்ல, பொலேரோ மாதிரி வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறோம்ல, உள்ள படுக்கை, ஒரு சின்ன அடுப்பு எல்லாம் வெச்ச கேரவன் டிரெய்லர், அது. வேளாங்கண்ணி, கோடியக்கரை, தரங்கம்பாடின்னு குடும்பத்தோட போய் வர இப்ப கொஞ்ச பேரு வெச்சிருக்காங்க. டெம்போ டிராவலர், டூரிஸ்ட் வேன் வெச்சிருக்கவங்களும் படிக்கலாம், சக்கரத்து வளைவு, மூலை மூடி, லைட்ட சுத்தி வர்ற பட்டை, ஜன்னல் ஓரம், எல்லாத்துக்கும் இதே வேலைதான்.

வெடிச்சத பாத்த ஒடனே எல்லாரும் பண்றது, கடைக்கு ஓடிப்போயி ஒரு டியூப் சூப்பர் குளூ வாங்கியாந்து ஊத்துறது. அது காஞ்சா கண்ணாடி மாதிரி வெறைச்சு நிக்கும், வண்டி குலுங்குற குலுக்கல்ல, அதுவும் வாய்க்கா கரை ரோட்டுல போனா, ஒரே வாரத்துல விட்டுக்கும். அத விட முக்கியமான விஷயம், அந்த வெடிப்பு எங்கேருந்து கெளம்புதுன்னு பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ ஓட்டையிலேருந்துதான் கெளம்பும். கல்லடி பட்டு ஒடஞ்சது வேற, அது நடுவுல நட்சத்திரம் மாதிரி தெறிச்சிருக்கும், சம்பா அறுவடை முடிஞ்சு ரோட்டுல நெல்லு காயப்போடுற நாள்ல ஓரத்துல எறக்கி எறக்கி ஓட்டும்போது சக்கரம் தூக்கி அடிக்கிற ஜல்லி இது. ஆனா ஓட்டையிலேருந்து கோடா ஓடியிருந்தா அது அடி இல்ல, பிளாஸ்டிக் நீள்றதுக்கு எடம் இல்லாம தானா கிழிஞ்சது.

கணக்க பாருங்க. 2 மீட்டர் நீளத்துல ஒரு ஏபிஎஸ் (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) பட்டை, 40 டிகிரி சூடு ஏறுனா சுமாரா 6 மில்லிமீட்டர் நீளும். அதுக்கு அடியில இருக்குற அலுமினியத் தகடு அதே சூட்டுக்கு 2 மில்லிகூட நீளாது. மார்கழி விடியக்காலைக்கும் அக்னி நட்சத்திர மத்தியானத்துக்கும் வெயில்ல நிக்கிற கருப்பு பிளாஸ்டிக்குக்கு 40 டிகிரி வித்தியாசம்ங்கறது ரொம்ப சாதாரணம். வருஷம் பூரா அந்த மீதி 4 மில்லி எங்க போவும்? ஸ்க்ரூ இறுக்கிப் புடிச்சிருக்குற எடத்துலதான் பிச்சுக்கிட்டு வரும். அதனால நீங்க எவ்வளவு நல்லா ஒட்டினாலும் பழைய ஓட்டையிலேயே பழைய மாதிரி முறுக்கி மாட்டினா ஒட்டுன எடத்துக்கு பக்கத்துல புதுசா வெடிக்கும். இத மனசுல வெச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க.

பட்டைய கழட்டித்தான் செய்யணும், வண்டியிலேயே வெச்சு செஞ்சா பாதி வேலைதான். ஸ்க்ரூ மேல மூடி பட்டை இருந்தா அத நகத்தாலயோ பிளாஸ்டிக் ஸ்கேலாலயோ நெம்புங்க, ஸ்க்ரூ டிரைவர் வேணாம். அடியில பழைய சீலன்ட் புடிச்சிருந்தா இழுக்காதீங்க, ஹேர் டிரையர் வெச்சு செத்த சூடு காட்டி, தூண்டில் நரம்பு ஒரு முழம் எடுத்து ரெண்டு கையாலயும் ரம்பம் மாதிரி இழுத்தா சுத்தமா அறுத்துக்கிட்டு வந்துடும். வெயில் நேரத்துல கழட்டுனா நல்லது, காலைல குளுந்து கெடக்குற பிளாஸ்டிக் சட்டுனு ஒடையும்.

கழட்டுனதுக்கு அப்புறம் பின்னாடி திருப்பிப் பாருங்க, என்ன பிளாஸ்டிக்னு பொறிச்சிருக்கும். ஏபிஎஸ்னு இருந்தா ஒரு வழி, பிபின்னு, அதாவது பாலிபுரோப்பிலீன்னு, இருந்தா வேற வழி, மாத்தி செஞ்சா ஒட்டவே ஒட்டாது. ஒண்ணும் பொறிக்கலையா, ஓரத்துல நகத்தளவு சீவி தண்ணி டம்ளர்ல போடுங்க. மெதந்தா பிபி வகை, முழுகுனா பெரும்பாலும் ஏபிஎஸ். இன்னும் உறுதியா தெரியணும்னா வெளிய தெரியாத பக்கம் பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேய்ங்க, பிசுபிசுன்னு புடிச்சு பஞ்சு ஒட்டிக்கிட்டா ஏபிஎஸ், ஒண்ணுமே ஆகலைன்னா பிபி. பின்பக்கம் முடி முடியா நார் தெரிஞ்சா அது வெறும் பிளாஸ்டிக் இல்ல, கண்ணாடி நார்ல ரெசின் ஊத்தி செஞ்ச ஃபைபர், அத கடைசில சொல்றேன். டிரெய்லர் மூலை மூடி, சக்கர வளைவு பெரும்பாலும் ஏபிஎஸ்தான் வரும், கார், வேன் பம்பர் பிபி.

அடுத்தது வெடிப்போட நுனிய கண்டுபுடிக்கணும். கண்ணுக்கு தெரியிற எடத்தோட அது நிக்காது, மயிரிழையா இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கும். வெள்ளை பட்டையா இருந்தா ஒரு சொட்டு நீலம் எடுத்து கோட்டு மேல விட்டு துடைச்சீங்கன்னா உள்ள எறங்குன நீலம் மட்டும் நின்னு நுனி வரைக்கும் கோடு போட்டுக் காட்டும், எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போறோம் கறைய பத்தி கவலை வேணாம். கருப்பா இருந்தா ஸ்பிரிட் தடவி துடைங்க, மேல காஞ்சதுக்கு அப்புறமும் வெடிப்புக்குள்ள ஈரம் நிக்கிறது தெரியும். அந்த நுனில சரியா ஒரு 3 மில்லி ஓட்டை போடுங்க. கூரான நுனில மொத்த இழுவையும் குவியிறதாலதான் வெடிப்பு ஓடிக்கிட்டே இருக்கு, உருண்டையா ஒரு ஓட்டை போட்டா அது பரவி நின்னுடும். இந்த ஓட்டைய போடாம விட்டா மத்த எல்லாம் வீண்.

இப்ப ஏபிஎஸ் கதை. அதே பிளாஸ்டிக் துண்டு கொஞ்சம் வேணும், ஒடஞ்ச ஸ்கூட்டர் பேனல், பழைய ஹெல்மெட் ஓடு, ஏபிஎஸ்னு பொறிச்சிருந்தா எதுன்னாலும் சரி. பொடிசா வெட்டி கண்ணாடி பாட்டில்ல போட்டு முழுகுற அளவு அசிட்டோன் ஊத்தி இறுக்கி மூடி ராத்திரி பூரா வெச்சா மறுநா காலைல கரைஞ்சு குழம்பா நிக்கும். தண்ணியா இருந்தா துண்டு போடுங்க, ரொம்ப கெட்டின்னா அசிட்டோன் விடுங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் வேலை பண்ற எடத்துல அடுப்பு, வெளக்கு, பீடி, கொசுவத்தி எதுவும் இருக்கக் கூடாது, அதோட ஆவி காத்தவிட கனம், தரையோட ஊர்ந்து போயி தூரத்துல இருக்குற நெருப்ப புடிச்சுக்கும். திண்ணையிலயோ கொல்லையிலயோ நெழல்ல காத்தோட்டமா ஒக்காந்து செய்ங்க.

வெடிப்ப முன்பக்கம் கத்தி முனையால வாய்க்கா மாதிரி சீவி விடணும், பாதி கனத்துக்கு மேல எறங்க வேணாம். பின்பக்கம் வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள் போட்டு சொரசொரன்னு ஆக்கிட்டு சோப்புத்தண்ணில கழுவி காயவிடுங்க. மொதல்ல பின்பக்கம், அந்த குழம்ப தடவி, அது மேல ஃபைபர் துணி ஒரு துண்டு படுக்க வெச்சு, மேல இன்னொரு தடவ. அது புடிச்சதும் முன்பக்க வாய்க்கால்ல மெல்லிசா ஒரு மில்லி கனம் போட்டு காயவிட்டு மறுபடி மறுபடி போடணும். அவசரப்பட்டு ஒரே தடவையா ரொப்புனா மேல தோலு கட்டிக்கும், உள்ள பச்சையா இருக்கும், நாலு நாள் கழிச்சு குமிழி குமிழியா வந்து குழி விழும். ஒரு முழு நாளாச்சும் காயட்டும், கனமான எடம்னா ரெண்டு நாள். இன்னொண்ணு, பட்டைய வளைச்சு கட்டி வெச்ச நெலையில அசிட்டோன் படவே கூடாது, இழுவைல இருக்குற ஏபிஎஸ் மேல அது பட்டா வலை வலையா புதுசா மயிரிழை விரிசல் வரும். தளர்வா படுக்க வெச்சுத்தான் தடவணும்.

பிபியா இருந்தா எந்த பசையும் நம்பாதீங்க, சூடு வெச்சு உருக்கி சேக்குறதுதான் வழி. பட்டையான நுனி போட்ட 60 வாட் சால்டரிங் அயர்ன், பிபி ராடு, ஜன்னலுக்கு அடிக்கிற ஸ்டீல் கொசுவலை ஒரு துண்டு, இவ்வளவுதான். ராடு கெடைக்கலைன்னா ஒடஞ்ச பிளாஸ்டிக் சேரு அடியில பிபின்னு இருக்கான்னு பாத்து அதுலேருந்து குச்சி குச்சியா சீவிக்கலாம். கேபிள் டை வெச்சு உருக்குற வீடியோ நெறைய சுத்துது, கேபிள் டை நைலான், அது பிபியோட கலக்காது, பாக்க ஒட்டுன மாதிரி இருக்கும், நகத்தால நெம்புனா முழுசா உரிஞ்சு வரும். பின்பக்கம் வலைய வெடிப்பு மேல வெச்சு அயர்னால அமுக்கி பிளாஸ்டிக்குக்குள்ள முழுகவிடுங்க, அதுக்கு மேல ராட உருக்கி மூடுங்க, அப்புறம் முன்பக்கம் சீவுன வாய்க்கால்ல அடிப்பக்கமும் ராடும் சேந்து உருகுற மாதிரி மெதுவா ஓட்டுங்க. பிபி 160 டிகிரி சுமாருக்கு உருகும், பொகை கெளம்பி பழுப்பா மாறுச்சுன்னா கருகுதுன்னு அர்த்தம், அயர்ன தூக்கிடுங்க.

ஃபைபர் மூலை ஒடஞ்சிருந்தா நம்ம ஜில்லாக்காரங்களுக்கு கவலையே இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரை பூரா ஃபைபர் படகா நெறைஞ்சு போச்சு, அக்கரைப்பேட்டை பக்கம் படகு பழுது பாக்குற ஆளுங்களுக்கு உங்க டிரெய்லர் மூலை எல்லாம் ஒரு வேலையே கெடையாது. நீங்களே செய்யணும்னா ரெசின், அத சீக்கிரம் புடிக்க வெக்கிற கோபால்ட், கெட்டியாக்குற ஹார்ட்னர், கண்ணாடி நார் விரிப்பான மேட்டு வாங்கணும். அங்க ஒரு அண்ணன்கிட்ட நான் கேட்டப்ப அவரு கலக்குறத விட்டுட்டு மொதல்ல இதத்தான் சொன்னாரு, “தம்பி, கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்திடாதீங்க, வெடிச்சுடும். கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கலக்கி முடிங்க, அதுக்கு அப்புறம்தான் ஹார்ட்னர் பாட்டில் மூடிய தொறக்கணும்.” நூத்துக்கு நூறு சரி. ஹார்ட்னர் 100 கிராம் ரெசினுக்கு 1 கிராமிலேருந்து 2 கிராம், நம்ம வெயிலுக்கு 1 போதும், கூட போனா டப்பாவுலயே கொதிச்சு கல்லாயிடும். கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சாலும் பார்வை போற சமாச்சாரம் அது, கண்ணாடி போடாம தொடாதீங்க.

காஞ்சதும் 120, 240, 400னு உப்புத்தாள் வரிசையா போட்டு தேய்ச்சு பெயின்ட் அடிச்சுடணும், அடிக்காம விட்டா வெயில் ஏபிஎஸ்ஸ மஞ்சளாக்கி அப்பளமா நொறுக்கிடும். பிபி மேல நேரா பெயின்ட் நிக்காது, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட்டு கட்டாயம். கருப்பு வேணும்னு அடம் புடிக்காதீங்க, வெள்ளையோ லேசான சாம்பலோ அடிச்சா சூடு கொறையும், அந்த 6 மில்லி கணக்கும் கொறையும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல ஸ்ப்ரே அடிச்சா ஈரக்காத்துல பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போயிடும், மாசி பங்குனில வெச்சுக்கங்க.

இப்ப திருப்பி மாட்டுறது, இங்கதான் நெதானம் வேணும். பட்டையோட நடு ஓட்டை மட்டும் ஸ்க்ரூ அளவுக்கு சரியா இருக்கட்டும், மத்த எல்லா ஓட்டையையும் ஸ்க்ரூவவிட 2 மில்லி பெருசு பண்ணுங்க, ரெண்டு கோடியிலயும் இருக்குறத நீள வாக்குல முட்டை வடிவமா அரத்தால தேய்ச்சுடுங்க. அப்ப பட்டை நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் நீண்டு சுருங்க எடம் கெடைக்கும். தலை கூம்பா எறங்குற ஸ்க்ரூ போடாதீங்க, அது ஆப்பு அடிச்ச மாதிரி ஓட்டைய பொளந்துடும், அடிப்பக்கம் தட்டையா இருக்குற தலை, அகலமான வாஷர். கையாலதான் முறுக்கணும், டிரில்லு வெச்சு விர்ருனு ஏத்தக் கூடாது, புடிச்சதும் கால் சுத்து திருப்பி விடுங்க. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல ஓடுற வண்டின்னா 316 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்க, சாதா ஸ்க்ரூ ஒரு மழைக்கே துருவேறி கறை வழியும்.

பட்டைக்கு அடியில பியூட்டைல் டேப்பு (ரப்பர் மாதிரி ஒட்டுற நாடா) ஒட்டி மாட்டுங்க, அது பல வருஷம் மெத்துன்னு இருக்கும், கூடவே நகரும். புளிச்ச வாடை அடிக்கிற சிலிகான் தகரத்த அரிக்கும், அது மேல பெயின்ட்டும் புடிக்காது, அத தொடாதீங்க. மேல் ஓரமும் ரெண்டு பக்கமும் அடைச்சா போதும், அடி ஓரத்த தொறந்து விட்டுடணும், உள்ள போன தண்ணி வழிஞ்சு போவ வேணாமா.

பட்டைய எடுத்து லேசா வளைக்கும்போதே பொறுக்கு பொறுக்கா உதிர்ந்தா அத ஒட்டி பிரயோஜனம் இல்ல, ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க, அதையே மாதிரியா வெச்சு அது மேல ஃபைபர்ல அச்சு எடுத்து, அந்த அச்சுலேருந்து புதுசு எடுத்துக்கலாம். டேப்பு போட்டு வெடிப்ப எல்லாம் மூடி வழவழன்னு ஆக்கி, மெழுகு பாலிஷ் நாலு தடவ தேய்ச்சு, அது மேல ஃபைபர் கடைல விக்கிற, ரெசின் ஒட்டாம தடுக்குற பிவிஏ ஒரு கோட்டு அடிச்சு நல்லா காயவிடணும், இல்லைன்னா ரெசின் ஏபிஎஸ்ஸ கரைச்சு ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். அச்சு மட்டும் கெட்டியா, 450 மேட்டு (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மூணு அடுக்கு போட்டு எடுங்க, அதுலேருந்து எடுக்குற பட்டைக்கு ரெண்டு அடுக்கு போதும், சுமாரா 2 மில்லி கனம் வரும்.