மழை விட்ட ராத்திரிய கோட்ட விடாதீங்க: சிங்கப்பூர் பீச்ல வானம் பாக்குறவங்க பண்ற தப்புங்க

நட்சத்திரம் பாக்கப் போறேன்னு சொன்னாலே இங்க சிரிப்பாங்க, "சிங்கப்பூர்ல எங்கப்பா நட்சத்திரம், எல்லாம் அடுக்குமாடி பிளாக் லைட்டு தான்"னு. பாதி உண்மை தான், ஈஸ்ட் கோஸ்ட் பீச்ல நின்னுக்கிட்டு பால்வீதி தெரியும்னு எதிர்பாக்காதீங்க. ஆனா பிறை, வியாழன், சனி, நம்ம திருவாதிரை, கேட்டை மாதிரி பளிச்சுன்னு இருக்குறதுக்கெல்லாம் லைட்டு பெரிய வில்லன் இல்ல. மேகம் தான் வில்லன், அதயும் நாம தப்பா கணக்கு போடுறோம்.

காலையில வானிலை ஆப்ப திறந்து 'இடியுடன் மழை'ன்னு இருக்குறத பாத்துட்டு ராத்திரி ப்ளான அப்பவே கேன்சல் பண்றது தான் பெரிய தப்பு. இங்க வருஷத்துல பாதி நாள் ஆப்ல அப்படித்தான் போட்டிருக்கும், அத நம்புனா வீட்லயே கெடக்க வேண்டியது தான். மத்தியானம் வெயில்ல நிலம் காயும், கடல் காத்து உள்ள வந்து மோதும், ஈரக்காத்து மேல ஏறி மேகம் கட்டி கொட்டும். சூரியன் போனதும் நிலம் ஆறிடும், அதனால அந்த மழ பெரும்பாலும் சாயங்காலத்தோட அடங்கிடும். அப்புறம் பாருங்க, தூசியெல்லாம் கழுவிவிட்ட வானம், எட்டரை ஒம்பதுக்கு மேகம் விலகுச்சுன்னா அதவிட நல்ல ராத்திரி கெடையாது. தீவு நடுவுல புக்கிட் தீமால கொட்டுனா கிழக்கு ஓரத்துல சாங்கில காஞ்சு கெடக்கும், அதனால நாள் முழுசுக்குமான படத்த விட்டுட்டு ஏரியா வாரியா வர்ற 2 மணி நேர கணிப்பையும் மழை ரேடாரையும் பாத்துட்டு கிளம்புங்க.

இதுக்கு நேர் எதிர் தப்பு ஒண்ணு இருக்கு. ராத்திரி வானம் சுத்தமா இருக்கேன்னு விடியக்காலை வரைக்கும் பீச்ல டென்ட் போட்டு உக்காந்துடுறது. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா புயக்காத்து வர்ற சீசன், ராத்திரி சுமத்ரா பக்கம் இல்லன்னா மலாக்கா நீரிணையில உருவாகி பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடியோ காலையிலயோ மேற்கேர்ந்து வரிசையா வந்து அடிக்கும், காத்து மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் போகும். ஈஸ்ட் கோஸ்ட்ல நாம கடல பாத்து உக்காந்திருப்போம், அது வர்றதோ முதுகுப் பக்கமா, பிளாக்குகளுக்குப் பின்னாடி மறஞ்சு. திடீர்னு காத்து ஜில்லுன்னு ஆகும்போது தான் தெரியும், அப்புறம் பாயைச் சுருட்ட கூட நேரமிருக்காது. மே 5, 6 வாக்குல ஈட்டா அக்வாரிட்ங்கற எரிகல் பொழிவ பாக்க விடியக்காலையில போறவங்க கெளம்புறதுக்கு முன்னாடி ரேடார்ல மேற்குப் பக்கம் கோடு மாதிரி ஏதாச்சும் வருதான்னு ஒரு தடவ பாத்துடுங்க. இடி சத்தம் கேட்டா மரத்தடி, திறந்த கொட்டாய் எதுவும் வேணாம், காருக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடுங்க, மழை இன்னும் வரலியேன்னு நிக்காதீங்க.

அப்புறம் யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க சொல்றத அப்படியே இங்க பண்றது. "முதல்ல துருவ நட்சத்திரத்த கண்டுபிடிங்க"ம்பாங்க. நாம பூமத்திய ரேகைலேர்ந்து ஒண்ணே கால் டிகிரி சொச்சம் தான் வடக்க, அதனால துருவ நட்சத்திரம் அடிவானத்தோட ஒட்டிக்கிட்டு மூட்டத்துல முங்கிக் கெடக்கும், தேடாதீங்க. நமக்கு தெக்கு தான் சொத்து. மே கடைசில ராத்திரி ஒம்பது மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட்ல கடல பாத்து கைய நீட்டி மூணு முஷ்டி அடுக்குனா அந்த உயரத்துல தெற்குச் சிலுவை நிக்கும். அதுக்கு வலப்பக்கம் பெருசா, மங்கலா ஒரு போலிச் சிலுவையும் உண்டு, நிறைய பேர் அத போட்டோ புடிச்சுட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவாங்க. நெசமானதுக்கு இடப்பக்கம் பளிச்சுன்னு ரெண்டு நட்சத்திரம் காவல் நிக்கும், அத பாத்து உறுதி பண்ணிக்குங்க.

பௌர்ணமியன்னிக்கு போறது வேஸ்ட்டு, நிலா மட்டும் பாக்கணும்னா ஓகே. சாங்கி ஏர்போர்ட் பக்கம் ஆடாம அசையாம ஒரு வெளிச்சம் நின்னா உடனே வெள்ளின்னு கத்தாதீங்க, நேரா நம்மள நோக்கி எறங்குற பிளேனும் ரெண்டு நிமிஷம் அப்படித்தான் நிக்கும்.

கடைசியா நான் பண்ண கூத்து. புது பைனாகுலர ஏர்கான் ரூம்லேர்ந்து எடுத்து, ஏர்கான் காருல வெச்சு, பாசிர் ரிஸ் பீச்ல எறங்குன உடனே கண்ணுல வெச்சேன், ரெண்டு பக்கமும் வெள்ளையா பூத்துருச்சு, சட்டையால தொடச்சேன், திரும்ப பூத்துச்சு, கோடு வேற விழுந்துச்சு. பக்கத்துல மீன் புடிச்சுக்கிட்டிருந்த அங்கிள் ஒருத்தர் பாத்துட்டு, "தொடைக்காதீங்க தம்பி, பைய மூடி அரை மணி நேரம் கீழ வைங்க, அதுவும் வெளிய இருக்குற சூட்டுக்கு வரட்டும்"னாரு. வெச்சுட்டு ஒரு தே ஓ (பால் போடாத டீ) குடிச்சுட்டு வந்து பாத்தேன், வியாழன் பக்கத்துல அதோட நிலா மூணு, கோடு போட்ட மாதிரி.