செம்மண் பாதையில் முதன்முறை வண்டி இறக்குபவர்களுக்கு

மலேசியாவில், சிலாங்கூரின் உலு லங்காட் காட்டுப்பக்கம் ஜீப் ஓட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த டயர் போடணும்?" டயரைப் பிறகு பார்க்கலாம், பெர்மிட் எடுத்தாச்சா? 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். துணைக்கு இன்னொரு வண்டியும் கட்டாயம் வேண்டும்.

விடிந்ததும் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். பிற்பகல் மழைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும்.

செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 24க்கு இறக்குங்கள். டயர் அகலமாகப் பதிந்து மண்ணைப் பிடிக்கும். நான் ஓட்டுவது ஜிம்னி, சுசுகியின் சின்ன ஜீப். அதில் சமமான மண் பாதைக்கு ஃபோர் ஹை போதும், அதாவது வழக்கமான வேகத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை. செங்குத்தான ஏற்ற இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஃபோர் லோவுக்கு மாற்றுவேன். அதில் நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு சுழலும். ஸ்டேரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே கொடுக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டேரிங் வெடுக்கென்று திரும்பி விரலைப் பதம் பார்த்துவிடும்.

புதியவர்கள் பயப்படுவது ஏற்றத்துக்கு. நான் பயப்படச் சொல்வது இறக்கத்துக்கு. மேலாக நனைந்த செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். அங்கே பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ஃபோர் லோ, முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இன்ஜினே பிடித்து இறக்கும். வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்தால் ஆக்சிலேட்டரை லேசாகத் தொடுங்கள், வண்டி நேராகும். ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால், திருப்பப் பார்க்காமல் ரிவர்ஸ் கியரில் நேராகவே பின்னால் இறங்குங்கள். சரிவில் குறுக்கே திரும்பும் வண்டிதான் உருளும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்த உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சுழலச் சுழல பள்ளம் ஆழமாகும். அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகி, மண்ணை அரித்து லங்காட் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் சுத்திகரித்து நம் வீட்டுக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். சேறு தெறிக்க உறுமிக்காட்டுவது ஓட்டுதலே இல்லை. பாதையை விட்டு விலகி மரக்கன்றுகள் மேல் ஏற்றவும் கூடாது.

ஓடை வந்தால் இறங்கிக் கம்பால் ஆழம் பாருங்கள். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம். அப்போது கரையிலும் நிற்காதீர்கள். ஓடையைக் கடந்து வந்தபின் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக அழுத்திக் காயவிடுங்கள்.

தார்ச் சாலைக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றி, காற்றை மறுபடி நிரப்புங்கள். நெடுஞ்சாலையில் ஸ்டேரிங் ஆடினால் பதறவேண்டாம். பெரும்பாலும் ரிம்முக்குள் ஒட்டிய சேறுதான் காரணம். ஓரமாக நிறுத்தி, குச்சியால் சுரண்டி எடுத்துப் பாருங்கள்.