சைலன்சர் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் சைலன்சரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரும்போதெல்லாம், என் பழைய நோட்டை யாரோ திறந்து காட்டுவது போலிருக்கும். வெல்டிங் கசிவு, லூசான கிளாம்ப் எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

343-ஐ வைத்துக் கணக்குப் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. நாலு சிலிண்டர் டீசல் வேன் ஒன்று. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கும். காதைக் குடைந்தது அதன் இரு மடங்கான 200 ஹெர்ட்ஸ். முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை அந்தச் சத்தத்தை அடக்கிவிடும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று படித்திருந்தேன். வகுத்தேன், 43 சென்டிமீட்டர் வந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து, மேஜைமேல் ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தேன். சத்தம் பொத்தென்று விழுந்தது. வண்டியில் மாட்டினால் ரீங்காரம் அப்படியே இருக்கிறது!

343 என்பது 20 டிகிரிக் காற்றுக்கு. என் குழாயில் போன புகை 400 டிகிரி. அதில் ஒலி 520 மீட்டர் வேகத்தில் போகும். வேண்டியிருந்தது 65 சென்டிமீட்டர். நான் செய்தது யாருக்கும் தொல்லை தராத 300 ஹெர்ட்ஸை மும்முரமாக அடக்கிக்கொண்டிருந்தது. ஷீட்டும் போச்சு, இரண்டு நாள் கூலியும் போச்சு. முதலில் தெர்மோகப்பிள் வைத்து, வண்டி சுமையோடு ஓடும்போது சூட்டை அளந்துகொள்ளுங்கள். மூடிய முனைப்பக்கம் கொஞ்சம் ஆறியிருக்கும். அதனால் கிளையை நீளமாக விட்டு, கேட்டுக் கேட்டு வெட்டுங்கள்.

புகையைத் தண்ணீரில் கழுவுவது

புகையைத் தண்ணீருக்குள் விட்டு வெளியேற்றும் அக்வா சைலன்சர் வருடம் தவறாமல் வந்துவிடும். சத்தம் குறையும், சரி. ஆனால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. குழாய் முனை தண்ணீரில் 10 சென்டிமீட்டர் முங்கினாலே பின்னழுத்தம், அதாவது வெளியேறும் புகையை எதிர்க்கும் அழுத்தம், ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் கூடும். அது ஏற ஏற என்ஜின் திணறும், டீசல் என்றால் கறுப்பாகக் கக்கும். அப்புறம் அந்த அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்?

கண்ணாடிப் பஞ்சை கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் வைப்பது

சத்தத்தை உறிஞ்ச வைக்கும் அந்தப் பஞ்சின் இழை பெயர்ந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போல இருக்கும் துளைகளை அடைக்கும். பின்னால் வையுங்கள்.

ஐடிலில் மட்டும் டெசிபல் எடுப்பது

வேண்டாம். என்ஜின் சும்மா ஓடும்போது அளந்தால் போதாது, வண்டி சுமையோடு ஓடும்போதும் அளங்கள்.

வடிகால் ஓட்டை விடாதது

அடியில் 3 மில்லிமீட்டர் போதும். இல்லையென்றால் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.