ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு குறும்பயணங்கள்: திட்டமிடும் முறை

வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை காலையில் கரை சேரும் சொகுசுக் கப்பலில் போய்வந்து, வீடு திரும்பாமல் அன்று மாலையே அதே கப்பலில் அடுத்த பயணத்தையும் தொடர்வதைக் கப்பல் பயணிகள் ‘பேக் டு பேக்’ என்கிறார்கள். மூன்று இரவும் நான்கு இரவும் சேர்ந்து ஏழு இரவுகள் ஆகிவிடுவதால் இது ஒரு வாரப் பயணம் போலத் தோன்றும். ஆனால் கப்பல் நிறுவனத்தின் கணக்கில் இவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். முன்பதிவு எண்கள் இரண்டு, பயணச் சீட்டுகள் இரண்டு, செலவுக் கணக்குகள் இரண்டு. நடுவில் எல்லோரும் இறங்கியாக வேண்டிய ஒரு காலைப் பொழுது. இதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டு திட்டமிடுபவர்களுக்குத் தொல்லை குறைவு. ஒரே நீண்ட பயணம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள்தான் இடையில் தடுமாறுகிறார்கள்.

கப்பல் பெரிதாக இருக்கும்போதுதான் இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு. 2024 ஜூலையில் சேவைக்கு வந்த ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘யுட்டோப்பியா ஆஃப் தி சீஸ்’ கப்பலை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 2,36,000 மொத்த டன் அளவு கொண்ட இக்கப்பல், அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,600-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லக்கூடியது. இவ்வளவு பெரிய கப்பலைப் புத்தம் புதிதாகக் கட்டி, வார இறுதியில் மூன்று இரவு, வார நாள்களில் நான்கு இரவு என்று ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவரல் துறைமுகத்திலிருந்து குறும்பயணங்களுக்கே அனுப்பினார்கள். பஹாமாஸின் தலைநகரான நாசோவும், அந்நிறுவனத்தின் தனித்தீவான கோகோகேயும் அதன் நிறுத்தங்கள். இப்படிப்பட்ட கப்பலில் நாடக அரங்கு, நீர்ச்சாகச அரங்கு, பனிச்சறுக்கு அரங்கு ஆகிய மூன்றிலும் தனித்தனி நிகழ்ச்சிகள் நடக்கும்; உணவகங்களோ ஒரு டசனுக்கும் மேல். மூன்று இரவுகளில் இவற்றையெல்லாம் பார்த்து முடிக்க முயல்பவர் விடுமுறைக்கு வந்ததையே மறந்து கடிகாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார். சிறிய கப்பலில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே இரண்டாவது பயணம் முதலாவதன் மறுபதிப்பாகவே இருக்கும் என்பதால், அதற்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் பணக்கணக்கு. இரண்டு குறும்பயணங்களின் கட்டணத்தைக் கூட்டி, ஒத்த தரமுள்ள கப்பலின் ஏழு இரவுப் பயணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது அறைக் கட்டணத்தை மட்டும் கூட்டினால் போதாது. துறைமுகக் கட்டணமும் வரியும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியே விதிக்கப்படும். பணியாளர்களுக்கான அன்றாட டிப்ஸ் ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிடப்படுவதால் அதில் வேறுபாடு வராது. தனியாகச் செல்பவர்கள் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கும். அது இரு பயணங்களுக்கும் பொருந்தும். வார இறுதிப் பயணத்தின் ஓர் இரவுக் கட்டணம் பொதுவாக வார நாள் பயணத்தினதைவிட அதிகம். மீண்டும் மீண்டும் பயணிப்பவர்களுக்கு நிறுவனம் தரும் விசுவாசப் புள்ளிகளைச் சேர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை: ராயல் கரீபியனில் பொதுவாக இரவுக்கு ஒரு புள்ளி என்பதால் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழுதான்.

எந்தப் பயணத்தை முதலில் வைப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. வார இறுதிப் பயணத்தில் நண்பர் கூட்டங்களும் கொண்டாட்டங்களும் மிகுதி. இரவு வெகுநேரம் இசை ஒலிக்கும். நீச்சல் குளத்தருகே நாற்காலி கிடைப்பது அரிது. வார நாள் பயணம் ஒப்புநோக்க அமைதியானது. வெள்ளியன்று ஏறி, ஆரவாரத்தை முதலில் முடித்துக்கொண்டு, கப்பலின் வழிகள் பழகிய பிறகு அமைதியான நான்கு இரவுகளுக்குள் நுழைவதே என் தேர்வு. திங்கட்கிழமை தொடங்கினால், ஓய்வு கிடைத்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் வந்து சேரும். பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

முன்பதிவில் முதல் குறிக்கோள், இரு பயணங்களுக்கும் ஒரே அறை எண்ணைப் பெறுவது. இரண்டையும் ஒரே நேரத்தில், கூடிய மட்டும் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் இது எளிது. ஒரு பயணத்தைப் பதிந்துவிட்டு, மற்றதை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அறை வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுக் கட்டணத் திட்டத்தை இதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதில் சேமிக்கும் தொகை, நடுவழியில் பெட்டி கட்டும் வேலையாகத் திரும்பி வரும். ஒரே அறை கிடைக்காவிட்டால், அதே தளத்தில், அதே வகை அறையாகவாவது பார்த்துக்கொள்ளலாம். பதிவு முடிந்ததும் முகவரிடமோ நிறுவனத்திடமோ சொல்லி இரு முன்பதிவுகளையும் இணைத்துக் குறிக்கச் செய்ய வேண்டும். அப்போதுதான் நீங்கள் தொடர் பயணி என்பது கப்பலில் உள்ளவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்கும்.

சட்டப் பக்கத்தில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது விசா. கப்பல் ஒரு நாட்டிலிருந்து வெளிக்கடலுக்குப் போய் வேறு நாட்டைத் தொட்டுத் திரும்பினால், ஒவ்வொரு திரும்பலும் குடிநுழைவு அதிகாரிகளின் பார்வையில் ஒரு புதிய நுழைவாகலாம். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை வைத்துக்கொண்டு ஒற்றைப் பயணமே போக முடியாத நிலையில், இரட்டைப் பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புறப்படும் துறைமுகம் உள்ள நாட்டுக்குப் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா, இரண்டாவது பயணத்தின் கடைசி நாள்வரை அது செல்லுமா, நடுவில் தொடும் நாடுகளின் விதி என்ன என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது செய்தி, அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடுவதை இச்சட்டம் தடுக்கிறது; தொலைவான அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டுச் சென்றால் மட்டுமே விலக்கு. பெரிய சொகுசுக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியுடன் ஓடுபவை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் இரு பயணங்களுக்கு இதனால் சிக்கலில்லை. ஆனால் சியாட்டிலிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு ஒரு சிறு பயணமும், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு அடுத்ததும் என்று பதிந்தால், தனித்தனியே குற்றமற்ற இரண்டும் சேர்ந்து சியாட்டில் முதல் லாஸ் ஏஞ்சலிஸ் வரையிலான ஒரே போக்குவரத்தாகிவிடும். வான்கூவர் அண்டை நாட்டில் இருப்பதால் அது ‘தொலைவான’ துறைமுகமாகவும் கொள்ளப்படாது. இணையப் பதிவுத் தளம் சில வேளைகளில் இதைக் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டாலும், பின்னர் ஒரு பயணத்தை நிறுவனம் ரத்து செய்ய நேரும்.

பயணக் காப்பீட்டை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை இடைவெளியின்றி எடுத்து, இரு முன்பதிவுகளின் தொகையையும் அதில் காட்ட வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அட்லாண்டிக் புயல் பருவம் என்பதால் அம்மாதங்களில் கரீபியன் பக்கம் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் பயணம் துறைமுகம் சேரத் தாமதமானால் இரண்டாவதும் சுருங்கும். இணையவழிச் செக்-இன்னை இரு பயணங்களுக்கும் தனித்தனியே முடித்து, இரண்டு போர்டிங் பாஸ்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். மது, வைஃபை, சிறப்பு உணவகம் ஆகியவற்றின் பேக்கேஜ்களும் அப்படியே: முதல் பயணத்துக்கு வாங்கியது அதன் கடைசிக் காலையோடு முடிந்துவிடும். இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஆரவாரமான வார இறுதிக்கு மது பேக்கேஜும், ஓய்வான நான்கு இரவுகளுக்கு வைஃபை மட்டும் என்றும் பிரித்து வாங்க இதுவே வசதி. ஏழு இரவுப் பயணத்தில் அவ்வாறு பாதியில் நிறுத்த முடியாது.

இந்தப் பிரிப்புதான் முழுத் திட்டத்துக்கும் உயிர். முதல் பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கி, எது எந்தப் பயணத்துக்கு என்று முன்பே எழுதிக்கொள்வது நல்லது. நிகழ்ச்சிகளுக்கான இருக்கைப் பதிவு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகத் திறக்கும். மூன்று இரவில் இரண்டு நிகழ்ச்சிகள், மீதமுள்ளவையும் மீண்டும் பார்க்க விரும்புபவையும் நான்கு இரவில் என்று பதிந்தால் எந்த மாலையும் நெரியாது. காற்று மிகுதியானால் நீர்ச்சாகச நிகழ்ச்சி ரத்தாவது வழக்கம் என்பதால் அதை மட்டும் முதல் பயணத்திலேயே பதிந்துவிடுங்கள்; தவறினாலும் இரண்டாவது வாய்ப்பு இருக்கும். உணவில் ஒரு சிறு பொறி உண்டு. பிரதான உணவுக்கூடத்தின் பட்டியல் பயண நாளின் வரிசைப்படி அமைவது. ஆகவே இரண்டாவது பயணத்தின் முதல் மூன்று இரவுகளில் பெரும்பாலும் முன்பு பார்த்த பட்டியலே திரும்பவும் வரும். முதல் பயணத்தில் பிரதான உணவுக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டு, தனிக்கட்டண உணவகங்களை இரண்டாவதற்கு ஒதுக்கினால் இந்தச் சலிப்பு வராது.

துறைமுகங்களும் திரும்ப வரும். நாசோவில் முதல்முறை இறங்கும்போது, பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட ‘குயின்ஸ் ஸ்டேர்கேஸ்’ படிக்கட்டுக்கும், அதற்கு மேலே 1793-இல் கட்டப்பட்ட ஃபின்காசில் கோட்டைக்கும் துறைமுகத்திலிருந்து நடந்தே போய்வரலாம். இரண்டாவது முறை கப்பல் அங்கே நிற்கும்போது இறங்காமலிருப்பதே மேல். ஆயிரக்கணக்கானோர் கரைக்குப் போயிருக்க, நீர்ச்சறுக்குகளிலும் குளங்களிலும் வரிசையே இராது. கோகோகேயில் கடற்கரைகளும் பெரிய நன்னீர்க் குளமும் கட்டணத்தில் அடங்கியவை, நீர்ப்பூங்காவுக்குத் தனிக் கட்டணம். ஒரு முறை இலவசக் கரை, மறுமுறை பூங்கா என்று வைத்துக்கொள்ளலாம். பூங்காவின் விலை நாளுக்கு நாள் மாறுவதால் இரு தேதிகளின் விலையையும் பார்த்துவிட்டு, குறைந்த நாளுக்கு வாங்குங்கள்.

இனி அந்த நடுக் காலை. முதல் பயணத்தின் இறுதி மாலையிலோ அதற்கு முந்தைய நாளோ தொடர் பயணிகளுக்கான கடிதம் ஒன்று அறைக்கு வரும். மறுநாள் எத்தனை மணிக்கு எந்தக் கூடத்தில் கூட வேண்டும் என்று அதில் இருக்கும். வராவிட்டால், இரவு வரிசை நீள்வதற்கு முன்பே விருந்தினர் சேவை மேசையில் கேட்டுவிட வேண்டும். முதல் பயணத்தின் கடைசி இரவில், மறுநாள் இறங்குபவர்களின் பெட்டிகள் பணியாளர்கள் எடுத்துச் செல்வதற்காக எல்லா அறை வாசல்களிலும் வரிசையாக நிற்கும். அதே அறையில் தொடர்பவர்கள் எதையும் வெளியே வைக்க வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் வைத்துவிட்டால் பெட்டி கரைக்குப் போய்விடும். அறை மாறுபவர்கள் சாமான்களைக் கட்டி அறைப் பணியாளரிடம் சொல்லிவிட்டால், மாட்டிய உடைகளை மாட்டியபடியே புது அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பணத்தையும் கடவுச்சீட்டையும் மருந்தையும் மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களில் பழைய பயணிகள் அனைவரும் இறங்கி, கப்பலில் பயணி எவரும் இல்லை என்று கணக்குத் தீர்ந்த பிறகே புதியவர்களை ஏற்றுவார்கள். அதனால் தொடர் பயணிகளையும் ஒரு குழுவாக இறக்கி, குடிநுழைவுச் சோதனையை முடித்து, புதிய அறை அட்டை கொடுத்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். கடவுச்சீட்டு, பழைய அட்டை, இரண்டாவது போர்டிங் பாஸ் ஆகியவை கையில் இருந்தால் காத்திருப்பைத் தவிர வேறு வேலை இல்லை. குழுவில் ஒருவர் வராமல் தூங்கிக்கொண்டிருந்தால் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஒருவராக நாம் ஆகிவிடக் கூடாது. நகருக்குள் போய்வர விரும்புபவர்கள் தனியே இறங்கிப் பிற்பகலில் புதிய பயணிகளோடு ஏறலாம் என்றாலும், அதைக் கப்பலில் முன்கூட்டித் தெரிவித்துவிட வேண்டும். திரும்பி ஏறியதும் கிடைக்கும் ஓரிரு மணி நேரம் தனி அனுபவம். பணியாளர்கள் பரபரப்பாக இருப்பார்கள், பல கடைகள் மூடியிருக்கும். ஆனால் பல்லாயிரம் பேர் நடமாடிய தளங்கள் வெறுமையாகக் கிடக்கும். கப்பலைப் படமெடுக்க வேண்டுமென்றால் அப்போதுதான்.

அன்று பிற்பகல் பாதுகாப்பு ஒத்திகையை மறுபடியும் முடிக்கச் சொல்வார்கள். 2012-இல் கோஸ்டா கன்கார்டியா கப்பல் கவிழ்ந்த விபத்துக்குப் பின் விதிகள் இறுகி, 2015 ஜனவரியிலிருந்து கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. கப்பல் நிறுவனத்தின் செயலியில் காணொளியைப் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை நேரில் போய்வந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் பயணத்தின் செலவுக் கணக்கையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் செலவழிக்கத் தரப்பட்ட சலுகைத் தொகை மீதமிருந்தால் பெரும்பாலும் அது இரண்டாவது பயணத்துக்கு வராது. அழுக்குத் துணிகளை இரண்டாவது பயணத்தின் முதல் நாளிலேயே சலவைக்குக் கொடுப்பது நல்லது. தாமதித்தால் பயணம் முடிவதற்குள் அவை திரும்பி வரும் என்ற உறுதியில்லை. பயணிகளே துவைத்துக்கொள்ளும் இயந்திரங்கள் எல்லாக் கப்பல்களிலும் கிடையாது.

இரண்டாவது பயணத்தின் கடைசி இரவில் பெட்டிகளுக்கான அட்டைகள் அறைக்கு வரும்போது, முதல் பயணத்தின் முடிவில் அவற்றை ஒதுக்கித் தள்ளிய நினைவில் இப்போதும் விட்டுவிடாமல், பெட்டிகளில் கட்டி, குறித்த நேரத்துக்குள் வாசலில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் உடுத்தும் உடையும் கடவுச்சீட்டும் அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.