ப்ரோபேட் வக்கீல் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் வீட்டில் ஒருவர் இறந்ததும் ப்ரோபேட்டுக்காக, அதாவது அவர் சொத்தை கோர்ட் மூலம் உரியவர்களுக்கு மாற்றும் நடைமுறைக்காக, "பக்கத்தில் நல்ல வக்கீல் யார்" என்று தேடத் தொடங்குகிறோம். முதல் தவறே அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் என்றால் நமக்குப் பக்கத்தில் இல்லை. இறந்தவர் எந்த கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியிருந்தாரோ அங்கேதான் பொதுவாக வழக்கு நடக்கும். நீங்கள் டெக்சாஸில் இருக்கலாம், அப்பா கலிபோர்னியாவில் வாழ்ந்திருந்தால் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற வக்கீல்தான் வேண்டும், அதிலும் அந்த கவுண்டி கோர்ட்டுக்கு அடிக்கடி போய்வருபவராக இருந்தால் நல்லது. வேறொரு மாநிலத்தில் அவர் பெயரில் நிலமோ வீடோ இருந்தால் அங்கேயும் தனியாக ஒரு ப்ரோபேட் தேவைப்படலாம், அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வக்கீலே தேவையா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அடுத்தது. பயனாளி பெயர் எழுதிய ஆயுள் காப்பீடு, 401(கே) ஓய்வுகாலச் சேமிப்பு, ஒருவர் போனால் மற்றவருக்குச் சேரும்படி கூட்டாக எழுதிய வீடு, டிரஸ்டில் வைத்த சொத்து, இவையெல்லாம் பொதுவாக ப்ரோபேட்டுக்குள் வராது. மீதி சிறிய தொகைதான் என்றால் பல மாநிலங்களில் எளிய வழி உண்டு. கலிபோர்னியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் இறந்தவர்களுக்கு அந்த வரம்பு 2,08,850 டாலர், 40 நாள் காத்திருந்து ஒரு அஃபிடவிட் கொடுத்து வங்கிப் பணத்தை வாங்கிவிடலாம்.

கட்டணத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல மாநிலங்களில் மணிக்கணக்கில் வாங்குவார்கள் அல்லது ஒரே தொகையாகப் பேசுவார்கள், கலிபோர்னியாவிலோ சட்டமே சதவீதம் வைத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4%, அடுத்த 1 லட்சத்துக்கு 3%, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2%. அதன்படி 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். அந்த வீட்டில் 7 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் கணக்கு முழு மதிப்புக்குத்தான், கடனைக் கழிக்க மாட்டார்கள். ஆனால் அது உச்சவரம்பு, குறைத்துப் பேசலாம். பலர் கேட்பதே இல்லை, துக்க நேரத்தில் காசு பேசக் கூச்சம். தயவுசெய்து கேளுங்கள், எது இந்தக் கட்டணத்தில் சேரும், எதற்குத் தனியாக பில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

"நாலு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். கலிபோர்னியாவில் கடன்காரர்கள் தங்கள் பாக்கியைக் கேட்பதற்கே, எக்ஸிக்யூட்டருக்கு (இறந்தவரின் கடனைத் தீர்த்து சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளருக்கு) கோர்ட் அதிகாரம் கொடுத்ததிலிருந்து குறைந்தது 4 மாதம் அவகாசம் உண்டு. அது முடியும் முன்பே சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் கடனுக்கு எக்ஸிக்யூட்டர் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம்.

அப்புறம், வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த வக்கீல், விசா வேலை பார்த்த வக்கீல் என்று தெரிந்தவரிடமே போய்விடுகிறோம். நல்ல மனிதராகவே இருக்கட்டும், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை ப்ரோபேட் வழக்கு முடித்தீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. வக்கீல்களுக்கான மாநில பார் அமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பல மாநிலங்களில் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதும் தெரியும். இரண்டு நிமிட வேலை.

குடும்பத்துக்குள் மனஸ்தாபம் இருந்தால் இன்னொன்றும் முக்கியம். அண்ணன் எக்ஸிக்யூட்டராக இருந்து அமர்த்திய வக்கீல், பொதுவாக அண்ணனுக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்லை. அவர் அன்பாகப் பேசுகிறார் என்று பங்கு பற்றிய சந்தேகத்தையெல்லாம் அவரிடமே கொட்டாதீர்கள். உங்களுக்கென்று வேறொருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள், எக்ஸிக்யூட்டர் நீட்டும் எந்தத் தாளிலும் அதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம்.