குன்சும் ஏற்றத்தில் நின்றுபோன பழைய டிரக்

இமாச்சலப் பிரதேசத்தில் கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வரை சந்திரா ஆற்றோரம் கல்லும் ஓடைத் தண்ணீரும்தான் சாலை, அதில் என் பழைய பெட்ரோல் டிரக் அருமையாக வந்தது. பாத்தல் தாண்டி குன்சும் கணவாய்க்கு முதல் கியரில் வளைந்து வளைந்து ஏறும்போது, நல்ல வெயில், திணறி நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஸ்பார்க் வருகிறது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல்தான் வரவில்லை.

வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான், அதனால் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகிவிடுகிறது, எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பும் சூடாகிவிட்டால் அது ஆவியைத்தான் இழுக்கும்.

முதலில் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன், தனியாகப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அப்புறம் பானட்டைத் திறந்து பம்ப்மேலும் பெட்ரோல் குழாய்மேலும் ஈரத்துணி சுற்றினேன். எஞ்சின் புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும், கவனம். ஆறியதும் கிளம்பிவிட்டது. உயரத்தில் காற்று குறைவு என்பதால் கலவையில் பெட்ரோல் அதிகமாகிவிடும், அதைக் குறைக்க கார்புரேட்டரின் ஐடில் திருகைக் கொஞ்சம் உள்ளே திருப்பியதில் ஐடிலிங் சீரானது. ஏற்றத்தில் வரும் கரும்புகை அதற்கு அடங்காது, பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும்.

கணவாய் தாண்டி காஜாவில் பெட்ரோல் குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டினேன். திரும்பி வந்ததும் டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டினேன், குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிற வகை, அழுத்தம் கூடினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தாங்காது.