கடல்காற்றில் ரெக்கார்டு: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு கையேடு

குத்துவிளக்கு பத்து நாளில் கறுத்துப்போகும். ஜன்னல் கம்பி வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். ரெக்கார்டு சேர்க்கிறவரும் அந்தக் காற்றோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். வினைல் தட்டு பிளாஸ்டிக் என்பதால் ஈரம் அதை ஒன்றும் செய்யாது. கெடுவது அட்டை உறை, நடுவில் ஒட்டிய லேபிள், பிளேயரின் உலோக முனைகள். பூசணம் முதலில் உறையின் காகிதத்தையும் பசையையும் பிடிக்கும், பிறகு விரல் எண்ணெய் படிந்த தட்டுக்குத் தாவும். கையில் இருக்கும் பணத்தை மூன்று பங்காக்கினால் ஒரு பங்குதான் தட்டுக்கு. மற்ற இரண்டும் ஊசிக்கும் அலமாரிக்கும் போகட்டும்.

எதை எதில் கேட்பது

எல்லாப் பாட்டையும் ரெக்கார்டாகவே வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு. பாட்டு எந்தக் காலத்தில், எந்த வடிவத்துக்காகப் பதிவானது என்று பார்த்து வாங்குங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு அரக்கால் ஆனது. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். கேட்பதற்கு மட்டும் என்றால் இவற்றின் டிஜிட்டல் பிரதியே போதும். சேகரிக்கும் ஆசை இருந்தால் தனி ஊசியும் 78 வேகம் உள்ள பிளேயரும் தேவைப்படும்.

அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை வந்த சினிமாப் பாட்டுக்கு ரெக்கார்டுதான் பொருத்தம். 7 அங்குல ஈ.பி. 45 சுற்றில் ஓடும், பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு இருக்கும். 12 அங்குல எல்.பி. 33⅓ சுற்று, பக்கத்துக்கு 20 முதல் 25 நிமிடம். கோயில் திருவிழாவில் ஓடிய கதை-வசனத் தட்டுகளும் இந்த அளவில்தான் வந்தன. கர்நாடக சங்கீதத்துக்கு எல்.பி. பாதிப் பொருத்தம்தான். 20 நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால் ஆலாபனையும் நிரவலும் சுருங்கியிருக்கும். கச்சேரியை முழுசாகக் கேட்க வேண்டுமானால் கேசட்டிலோ சிடியிலோ வந்த நேரடிப் பதிவைத் தேடுங்கள்.

தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பாட்டுகளுக்கு சிடி போதும். இந்த ஊர்க் காற்றைக் கடைகளில் விற்ற அச்சு சிடிதான் நன்றாகத் தாங்கும். வீட்டில் எழுதிய சிடி அப்படியல்ல, அதன் சாயம் மங்கும். இன்னும் படிக்கிறபோதே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். டிஜிட்டலில் பதிவான பாட்டை இன்று 180 கிராம் தட்டில் அச்சிட்டு விற்றால், அதை அட்டைப்படத்துக்காக வாங்கலாம், தப்பில்லை. சத்தத்தின் தரம் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேசட்டுக்குத்தான் இங்கே ஆயுசு குறைவு. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூசணம். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அதை வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர்களில் சொல்லிப் பதியவைத்த 60, 90 நிமிடக் கேசட்டுகளை ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

வாங்கும்போது

புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிறு சந்தை, இரண்டு ஊரிலும் காயலான் கடைகள், பழைய மரச்சாமான் விற்கும் கடைகள், இடிக்கப்போகும் வீடுகள். தட்டு வரும் வழிகள் இவைதான். வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்விடுங்கள். நடைபாதையில் பரப்பிய தட்டு மதியத்துக்குள் வளையத் தொடங்கும்.

லேபிளில் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று ரப்பர் முத்திரையோ பெயின்டில் எழுதிய எண்ணோ இருந்தால் அது மைக் செட்காரரிடம் உழைத்த தட்டு. பந்தல் புழுதியில், கனமான ஊசியில் நூற்றுக்கணக்கான தடவை ஓடியிருக்கும். பார்க்கக் கீறல் இல்லாவிட்டாலும் ஊசி ஓடும் பள்ளம் தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல தட்டு கறுப்பாகப் பளபளக்கும். தேய்ந்ததில் பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்கள் சாம்பல் பூத்த மாதிரி மங்கித் தெரியும். எவ்வளவு கழுவினாலும் அந்த இரைச்சல் போகாது. வீட்டில் கேட்ட கர்நாடக எல்.பி.க்கள் இதற்கு நேர்மாறு. உறை நைந்திருக்கும், தட்டு புதுசாக இருக்கும்.

கீறலை நகத்தால் குறுக்கே தடவுங்கள். நகத்தில் தட்டினால் ஊசியும் தட்டும், ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடும். நகத்துக்குத் தெரியாத மயிரிழைக் கோடுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நடுத்துளையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் நிறைய இருந்தால் தட்டு அடிக்கடி ஏறி இறங்கியிருக்கிறது. விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைவைப் பாருங்கள். உறையும் தட்டும் ஒரே படம்தானா என்று லேபிளைப் படியுங்கள், மாறிக் கிடப்பது சகஜம். அரக்குத் தட்டை மட்டும் மண்பானை வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும். நடுத்துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு விளிம்பை மெல்லச் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கிறது.

பிரெஞ்சுத் தொடர்புள்ள வீடுகளின் சாமான்களில் வெளிநாட்டு 45-களும் அகப்படலாம். சிலவற்றில் நடுத்துளை 38 மில்லிமீட்டர் அகலம், அதற்கு ஒரு அடாப்டர் வில்லை வேண்டும். பிரான்சிலிருந்து வந்த பிளேயர் இங்கே அப்படியே ஓடும். அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான், மின்னழுத்தமும் கிட்டத்தட்ட அதே. அமெரிக்காவிலிருந்து வந்ததில் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்துச் சுற்றுவது) இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வேகம் ஆறில் ஐந்து பங்குதான் வரும், ஏனென்றால் அது 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கும்.

ஊசியும் பிளேயரும்

பெட்டி மாதிரி மூடும் மலிவான பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருக்கும். அது 5, 6 கிராம் எடையோடு பள்ளத்தை உழும். எடையைச் சரிசெய்யவும் வழியில்லை. ஊசிக் கையின் பின்னால் எடைக்கல் உள்ள, கார்ட்ரிட்ஜை மாற்றக்கூடிய பிளேயரே வாங்குங்கள். ஆடியோ டெக்னிகா வி.எம்.95.ஈ. மாதிரியான ஊசிக்கு 2 கிராம், ஏ.டி.3600.எல்.-க்கு 3 கிராம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி அளந்தே வையுங்கள். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று சிலர் குறைத்து வைப்பார்கள். அது தப்பு. லேசான ஊசி உரத்த இடங்களில் பள்ளத்தின் சுவரில் மோதிக் குதிக்கும், சேதம் அதில்தான் அதிகம்.

உருண்டை முனை வைர ஊசி சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனை சுமார் 300. ஓட்டிய பக்கங்களைச் சுவர்க் காலண்டரில் குறித்துவாருங்கள். பக்கம் 20 நிமிடம் என்றால் 900 பக்கம் 300 மணி ஆகிவிடும். எல்.பி. ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு 3 மில். சின்ன ஊசியை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையை உரசிக்கொண்டு ஒரே இரைச்சலாக ஓடும். பெரிய ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டே பாழ்.

சத்தம் ஈனமாக, பேஸ் இல்லாமல் வந்தால், ஊசியின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் போனோ பிரீஆம்ப் இல்லாமல் நேரே ஆக்ஸில் செருகியிருக்கிறீர்கள். ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வந்தால் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்பிளிஃபயரின் எர்த் திருகில் மாட்டுங்கள். வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் கரகரத்தால் கார்ட்ரிட்ஜ் கோணம் தவறு. கோணம் காட்டும் புரோட்ராக்டர் தாளை வைத்து நேராக்குங்கள். ஒரு பக்கக் காதில் பாட்டு நின்றுபோனால் உப்புக்காற்றுதான் காரணம். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லின் நாலு முனைகளையும் ஆர்.சி.ஏ. பிளக்கையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

இன்னொன்று. எழுபதுகளின் கடைசி வரை தமிழ்ப் படப்பாட்டு பெரும்பாலும் மோனோ. ஆம்பிளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். பள்ளத்தின் மேலும் கீழுமான அசைவில் வரும் படபடப்பு கணிசமாகக் குறையும். காசு செலவில்லாத மருந்து இது.

கழுவுதல்

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டம்ளரில் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடுகிற தண்ணீர் பள்ளத்திலும் அதையே விடும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக்கு விற்பதென்றால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 5-க்குக் கீழ் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே.

வினைலுக்கான கலவை ஒரு லிட்டர்: டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே துளி. ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கும், சோப்பு தண்ணீரைப் பள்ளத்துக்குள் இறக்கும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் கூடாது, அதில் வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் எமன். தொட்ட இடம் கரைந்து பாட்டே அழியும். அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் ஒரு துளி சோப்பும் மட்டும், அதையும் ஊறவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

முதலில் காய்ந்த நிலையில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்தோடு மணலைத் தேய்த்தால் உப்புத்தாள்தான். எல்.பி. லேபிள் 10 சென்டிமீட்டர் அகலம். அதைவிடச் சற்றுப் பெரிய டப்பா மூடியால் மூடிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 மில்லி ஊற்றி, பள்ளம் ஓடும் திசையில் வட்டமாக மூன்று சுற்று, எதிர்த்திசையில் மூன்று சுற்று. ஒரு நிமிடம் விட்டு, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு துணியோடு அலசல். இந்த அலசலை விட்டவர்களின் தட்டுதான் கழுவிய பிறகும் படபடக்கும், சோப்பு காய்ந்து ஊசியில் திரளும். சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் அரை மணி நேரம் நிறுத்திக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மணி நேரமாவது ஆகும். கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் போட்டால் குளித்துவிட்டு அழுக்கு வேட்டி கட்டின கதைதான்.

வைக்கிற இடம்

உள்ளுறை பாலிதீன் அல்லது பாலிதீன் பூசிய காகிதம். வெளியுறை பாலிப்ரொப்பிலீன். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பி.வி.சி. கவர் வேர்த்துத் தட்டோடு ஒட்டி, மேலே பனிமூட்டம் மாதிரி ஒரு படலம் விடும். அது போகவே போகாது. தட்டுகளை நூல் பிடித்த மாதிரி நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்க வேண்டாம். ஒரு அடி நீள வரிசை 15 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், பிளைவுட் பலகை தொய்ந்துவிடும்.

இரும்பு பீரோவோ கண்ணாடிக் கதவு அலமாரியோ, மூடியே இருக்கட்டும். உள்ளே ஒரு ஈரப்பத மீட்டரும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோவும் வைத்து 50 சதவீதத்துக்குப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். வெளிச்சுவரில் அலமாரியை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பாச்சை உருண்டை வாசனை அட்டையில் ஏறினால் இறங்காது. ராமபாணப் பூச்சிக்கு ஈரத்தைக் குறைப்பதே பாதி வைத்தியம்.

உயரம்தான் இங்கே சிக்கல். 2015 மழையில் கடலூரிலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியிலும் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகள் பல. ஆகவே கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டு அடியாவது மேலே இருக்க வேண்டும். அதற்காக மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் ஏற்றிவிடாதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் அங்கே தட்டு வளையும். வளைந்ததை வெயிலில் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து நிமிர்த்தும் வைத்தியமும் வேண்டாம். தட்டு நிமிரும், பள்ளம் உருகும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால் முதல் நாளே உறையிலிருந்து தட்டைப் பிரித்துவிடுங்கள். காகிதம் ஒட்டியிருந்தால் உரிக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து தானாக விடும் வரை பொறுங்கள். சேறு காய்வதற்குள் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுப் பிறகு மேலே சொன்ன முறைப்படி அலசுங்கள். அரக்குத் தட்டுக்குத்தான் முதல் கவனம், அதிக நேரம் ஊறினால் அது தாங்காது. அட்டைகளை வெள்ளைத் தாள் இடையிட்டு, பாரம் வைத்து, தாளைத் தினமும் மாற்றி நிழலில் காயவையுங்கள்.

எந்தத் தட்டாக இருந்தாலும் கழுவிய அன்றே ஒருமுறை பதிந்துவிடுவது நல்லது. போனோ பிரீஆம்பிலிருந்து யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினியில் ஆடாசிட்டி மென்பொருள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல். நிமிடத்துக்கு 35 மெகாபைட் ஆகும், எல்.பி.யின் ஒரு பக்கம் 700-க்குப் பக்கம். கோப்பின் பெயரில் தட்டின் எண்ணையும் எந்த ஊசி என்பதையும் எழுதுங்கள். ஹார்ட் டிஸ்கை ரெக்கார்டு இருக்கும் அலமாரியிலேயே வைக்காமல், ஒரு நகலை கடற்கரைக்குத் தள்ளி விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.